வீட்டு எண்ணைக் கீயாக வைத்தேன்

மலை மேல் இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஒரு அறக்கட்டளை மருத்துவ முகாம் நடத்திவந்தது. நோயாளிகளின் குறிப்புகளுக்கான சாஃப்ட்வேரைப் பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் செய்தோம். தகவலைச் சேமிப்பது நோ-எஸ்.க்யூ.எல் என்ற வகை டேபிள். குறிப்பு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று சொல்வது பார்ட்டிஷன் கீ. பெட்டிக்குள் எந்த வரிசை என்று சொல்வது சார்ட் கீ. பெட்டி தெரியாவிட்டால் டேபிள் முழுவதையும் வாசிக்க வேண்டும்.

முகாமின் நர்ஸ் செல்வி, லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வீடு வீடாகப் போகிறவர். "லயன் வீட்டு நம்பரப் போட்டா அந்த வீட்டு ஆளுவ எல்லாரும் வந்திரணும் சார். அங்கன சிக்னல் நிக்காது" என்றார். வீட்டு எண்ணைப் பார்ட்டிஷன் கீயாகவும் பார்த்த தேதியைச் சார்ட் கீயாகவும் வைத்தேன். கேட்டது உடனே வந்தது. எனக்குப் பெருமைதான்.

பிறகு எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். ஜனங்கள் இறங்கி, கிடைத்த ஊரில் குடியேறினார்கள். அறக்கட்டளை அம்பாசமுத்திரத்தில் கிளினிக் போட்டு, புது வீட்டு எண்ணில் எல்லாரையும் மறுபடி பதிந்தது. பழைய குறிப்புகள் பழைய எண்ணிலேயே கிடந்தன. அது எனக்குத் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் செல்வி போன் செய்தார்.

"பேச்சியம்மான்னு எஸ்டேட் ஆளு, சார். காய்ச்சல்ல பேச்சே இல்ல. பக்கத்து வீட்டுக்காரி கூட்டிட்டு வந்தா. பழைய குறிப்பு இல்லன்னு காட்டிச்சு, டாக்டர் பெனிசிலின் ஊசி போட்டாரு. இப்பம் மூச்சு முட்டுது. திருநெல்வேலிக்கு வண்டியில ஏத்தியாச்சு. பழசு எதுவும் கெடக்கான்னு பாருங்க."

பெயரைத் தேடி டேபிள் முழுவதையும் ஸ்கேன் செய்தேன். லயன் வீட்டு எண்ணில் இருந்தது: பெனிசிலின் ஒத்துக்காது. நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவே செல்வியே என்றைக்கோ பதிந்தது. வாசித்துச் சொன்னேன்.

வண்டி சேரன்மகாதேவியைத் தாண்டவில்லை; வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் பேச்சியம்மாவின் கணவர் இசக்கியைப் பார்க்கப் போனேன். சாவு வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டார்.

"மலையில எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டுப் போனாவளே. அது இருந்துச்சா, இல்லியா?"

"இருந்தது."

"பொறவு ஏன் பாக்கல?"

"நான் வச்ச எடம் தப்பு" என்றேன். அவர் என்னை ஏசவில்லை. உள்ளே போய்விட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, அதையே பார்ட்டிஷன் கீ ஆக்கினேன். ஒத்துக்காத மருந்து முதல் வரியில் வருகிற மாதிரி சார்ட் கீயை அமைத்தேன். பழைய குறிப்புகளையும் கொண்டுவந்து சேர்த்தேன். மொத்தமே இரண்டு நாள் வேலை.

கீ வைக்கும்போது இன்றைக்கு என்ன கேட்பார்கள் என்பதோடு நிற்காதீர்கள். ஆள் இடம் மாறினாலும் மாறாதது எது என்று பாருங்கள். தப்பென்று தெரிந்தால் அன்றைக்கே உட்கார்ந்து மாற்றுங்கள். நான் தள்ளிப்போட்டேன்.