சிவப்புப் பூ தெரியாத கண்

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன். கண் போனால் என் பிழைப்பும் போச்சு. அந்தக் கண்ணை மாரியாத்தா எனக்கு மீட்டுக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

போன ஆடியில் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. பிறகு வலது இமையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. கண் சிவந்து நீர் வடிந்தது. நாத்தனார் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கா அண்ணி, மருந்து மாத்திர தொடாதீங்க லா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆடி மாதத்தில் வேறு யார் வருவார்? வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, வேனை வேறொருவரிடம் கொடுத்தேன்.

நான்காம் நாள் வலக்கண் புகைமூட்டமாகிவிட்டது. இடக்கண்ணைக் கையால் மூடி மூடிச் சோதிப்பேன். சுவர்க் காலண்டரில் பெரிய எண்கூடத் தெரியவில்லை. அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆத்தா கோபிப்பாளோ என்ற பயம் வேறு.

கோயிலில் பூக் கேட்டேன். மடித்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் வேப்பிலை. "தாயே, கண்ண மட்டும் எடுத்துக்காத" என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். பழக்கதோஷத்தில் இடக்கண்ணை மூடிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் கலங்கியதே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"வெள்ளையா சாமி?"

"செவப்பும்மா." அவர் என்னையே பார்த்தார். "இதுகூடத் தெரியலயா? பூவ விடு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

ஆத்தா என் கண்ணிலேயே பதில் சொல்லிவிட்டாள். அன்றே கிளம்பினேன்.

கண் டாக்டர் சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் மரக்கிளை போலப் புண் இருந்ததாம். "இது அம்மை இல்லம்மா. ஹெர்பிஸ் சிம்பிளெக்ஸ். வாயோரம் கொப்புளம் போடுமே, அதே கிருமி" என்றார். அசைக்ளோவிர் என்ற கண் களிம்பைத் தினம் ஐந்து வேளை போடச் சொன்னார். கடையில் நாமாகச் சொட்டு மருந்து வாங்கி விடக்கூடாது, சிலது புண்ணைப் பெரிதாக்கிவிடும் என்றும் எச்சரித்தார். ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டேன். இரண்டு வாரத்தில் புண் ஆறியது. கிருமி உடம்பிலேயே தூங்குமாம், திரும்பவும் வரலாமாம். இப்போது கண் கொஞ்சம் சிவந்தாலும் உடனே காட்டிவிடுகிறேன்.

புண் ஆறிய அடுத்த வெள்ளிக்கிழமை ஆத்தாளுக்கு வெள்ளித் தகட்டில் கண்மலர் சாத்தினேன். சன்னதியில் நின்று இடக்கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூக்குத்தி தெரிந்தது.

நம்பி வேண்டுங்கள், அவள் கைவிட மாட்டாள். ஆனால் கண்ணோரம் கொப்புளம் வந்தால் பூக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வேனோடு வருகிறேன்.