பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு டிவி

பாயான் லெப்பாஸ் சாப்பாட்டுக் கடையில் இன்று காலை தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் என்றதும் கடைத் தம்பி பாட்டுக்கு மாற்றப் போனான். "இருக்கட்டும் லா தம்பி" என்றேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஜார்ஜ் டவுனில் நாங்கள் இருந்தது பலகையால் தடுத்த வாடகை அறை. எங்களிடம் டிவி இல்லை. அடுத்த அறைச் சீன அக்காவுக்குத் 'தங்கச்சி' தவிர வேறு தமிழ்ச்சொல் தெரியாது. ஆனாலும் காலையில் தமிழ்ச் செய்தியை வைத்து, எங்களுக்காகச் சத்தத்தைக் கூட்டுவார். தண்ணீர் வராது என்று கேட்டால் அம்மா வாளிகளை நிரப்புவார். மழை என்றால் துணி ஊறவைக்க மாட்டார்.

அப்பா சுங்கை பாக்காப் தோட்டத்துக்குப் புல்வெட்டப் போயிருந்த வாரம், அங்கே வெள்ளம், சிலரைக் காணவில்லை என்று செய்தி கேட்டது. அம்மா பலகையில் காதை வைத்து நின்றார். சற்று நேரத்தில் அக்கா ஓடிவந்து, "தங்கச்சி, செப்பாட்! செப்பாட்!" என்று அம்மாவை அவசரமாக இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் போய் நின்றபோது திரையில் காய்கறி விலை.

"உன் புருஷன் டிவியில வந்தாரு. வெள்ளத்துல தப்பினவங்களோட ஸ்கூல்ல உக்காந்திருக்காரு" என்று அக்கா மலாயில் சொன்னார். அம்மா நம்பவில்லை. அக்கா ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு கண்ணை மூடி, இல்லாத தேநீர்க் கோப்பையை மூன்று தடவை ஊதிக் காட்டினார். பிறகு தன் சட்டையைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அவருதான்டா. அவருதான் அப்படி ஊதுவாரு" என்றார். மூக்கைச் சிந்திவிட்டு, "ஊரே பாக்குது, ஒரு சட்டையப் போட்டா என்னவாம்?" என்றார்.