இராமருக்குச் சேலை கட்டியவன்

இரத்தினசிங்கத்தின் கதைகளில் பதினான்கு கல்யாணங்களை நடத்திவைத்த பாவி நான். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து வெளிவந்த ஒரு வார இதழில் கதைகளைத் திருத்துவது என் வேலை. அவர் எழுதியவை துப்பறியும் தொடர்களும் பேய்க்கதைகளும். எல்லாவற்றிலும் இரண்டு ஆண்கள் இருப்பார்கள், ஒருவருக்காக ஒருவர் உயிரையே விடுகிற காதலோடு. அதில் ஒருவரைப் பெண்ணாக்கி, சேலை கட்டி அச்சுக்கு அனுப்புவேன். "கொலையை மாத்தாட்டிச் சரி அண்ணை" என்று அவர் சிரிப்பார். பேயை நம்பும் வாசகர்கள் அந்தக் காதலை நம்பமாட்டார்கள் என்பது என் பெரிய கண்டுபிடிப்பு.

தொண்ணூற்றாறில் பதினைந்தாவது தொடரை முழுதாக எழுதிக்கொண்டு வந்தார். பேய் வீட்டில் தொலைந்த காதலனை ஒருவன் தேடுகிற கதை. தொலைந்தவனின் வலது மணிக்கட்டில் விரல் நீளத்துக்குச் சூட்டுத் தழும்பு. "இந்த முறை மட்டும் ஆளை மாத்தாதேங்கோ. காலைப் பிடிச்சுக் கேக்கிறன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வழக்கம்போலச் சேலை கட்டினேன்.

பிறகு நான்கு வாரம் ஆளைக் காணவில்லை. ஐந்தாம் வாரம் முகமெல்லாம் தாடியோடு வந்து, தொடர் வந்த இதழை என் மேசையில் எறிந்தார்.

"என்ன வேலை அண்ணை செய்தியள்? அது கதையில்லை, என்ர இராமர்."

அப்போதுதான் எல்லாம் சொன்னார். இராமர் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டவர். இருவருக்கும் ஒரே லொட்ஜில் ஒரே அறை. அந்தத் தொடரை எழுதுவதற்கு முன்பே இராணுவச் சுற்றிவளைப்பில் இராமரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"பொலிஸில என்ன முறையெண்டு கேட்டாங்கள். கூட்டாளி எண்டன். சொந்தக்காரர் வந்தாத்தான் முறைப்பாடு எழுதலாமாம். அவருக்கு என்னை விட்டா ஆரிருக்கினம்? ஒவ்வொரு முகாம் வாசலா அலைஞ்சு போட்டன். உள்ள இருந்து வெளிய வாற ஒருத்தன் கதையில தழும்பை வாசிச்சுப்போட்டு இதழுக்கு எழுதுவான் எண்டு நம்பினன்."

மறுநாளும் வந்து கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டு, வாசலில் கிடந்த வாங்கிலில் குந்தியிருந்தார். அதற்கு மறுநாள், கடிதத்துக்குப் பதிலாக ஒரு தாய் வந்தார். பெயர் பத்மாவதி. ஒரு கையில் எங்கள் இதழ், மற்றக் கையில் மகளின் படம்.

"இதை எழுதின தம்பி ஆர்? என்ர கௌரிக்கும் வலக்கையில இதே தழும்புதான். எங்க கண்டனீங்கள்? உயிரோடதானே இருக்கிறாள்?"

இரத்தினசிங்கம் படத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அம்மா, இது உங்கட பிள்ளை இல்லை. என்ர ஆள். ஆம்பிளை."

"அப்ப பொம்பிளையெண்டு ஏன் போட்டிருக்கு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாசகர், முதலாளி, இதழின் மானம் என்று எத்தனையோ காரணம் வைத்திருந்தவன் நான். மேசையில் கிடந்த பேனையை மூடினேன். அந்தத் தாய் படத்தை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார்.

கடைசி அத்தியாயத்தில் இராமரை இராமராகவே போட்டேன். முதலாளி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எங்கிருந்தும் ஒரு கடிதமும் வரவில்லை. இரத்தினசிங்கம் அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை.

முதல் வாரமே அப்படிப் போட்டிருந்தால் இராமர் கிடைத்திருப்பாரா? அதை அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டு, நாலு அடி அடித்திருக்கலாம்.