பார்பெராவுக்கு வெட்டிய குழிகள்

1993 டிசம்பர் 14, செவ்வாய். மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ் காலை ஏழு பத்துக்குக் கிளம்பியது. டிக்கெட் பதினோரு ரூபாய், தூரம் எண்பத்தைந்து கிலோமீட்டர். கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டு இரண்டு விமானம், ஒரு ரயில் மாறியிருந்தேன். ஊரைப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

திருமங்கலத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சுந்தரபாண்டியத்து விவசாயி. என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். திராட்சைத் தோட்டத்தில் மேற்பார்வை என்றேன்.

"அமெரிக்காவுலயா? அங்க எந்த ரகம்?"

"பார்பெரான்னு ஒண்ணு. இத்தாலிக்காரங்க ரகம்."

"திங்கதுக்கு எப்படி இருக்கும்?"

"தோல் தடிப்பு, உள்ள கொட்டை. புளிக்கும்."

"புளிக்கிற பழத்துக்கா அம்புட்டுத் தூரம் போனீங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அது ஒயினுக்கான பழம் என்று சொன்னேன். சியரா நெவாடா மலையின் மேற்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஒரு காலத்தில் தங்கம் தேடி ஆட்கள் குவிந்த பகுதி. அவர்களுக்குப் பின்னால் வந்த இத்தாலியர்கள் தங்கள் ஊர்க் கொடிகளை அங்கே வைத்தார்கள். கோடையில் நம் ஊரைப் போலவே வெயில் கொளுத்தும். அந்த வெயிலில் மற்ற ரகங்கள் வெறும் சர்க்கரையாகிவிடும். பார்பெரா மட்டும் தன் புளிப்பை விடாது, ஒயினுக்கு அந்தப் புளிப்பு வேண்டும். அறுவடை நாட்களில் அதன் சாறு நாவல்பழக் கறைபோல நகக்கண்ணில் ஏறி ஒரு மாதத்துக்குப் போகாது. இதையெல்லாம் அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கிருஷ்ணன்கோவிலில் இறங்கும்போது, "ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் பத்து நிமிடம் நின்றது. மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. கோபுரத்தின் கீழ் நிலைகளில் புதிதாகக் குழல்விளக்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். கடைக்காரர் சூடாக இருந்ததை இலையில் வைத்துக் கட்டி, "வீட்ல எத்தன பேரு? அரக் கிலோ காணுமா?" என்றார். இரண்டு பேர் என்றேன். அதற்குமேல் எங்களுக்கு ஆளில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். அத்தான் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளையும் கிடையாது. எனக்கு அக்கா, அவளுக்கு நான்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினால் வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். மழை பெய்து கழுவிவிட்டிருந்ததால் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. நான் வேலை பார்க்கும் இடத்தில் மலை கிழக்கே. இங்கே மேற்கே. ஏழு வருடமாக மலையை வைத்தே திசை பார்த்துப் பழகியவனுக்கு ராஜபாளையம் வரைக்குமான பன்னிரண்டு கிலோமீட்டரும் ஊர் திருப்பி வைக்கப்பட்டதுபோல் இருந்தது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் செல்லம்மா அக்கா நின்றிருந்தாள். நூல் மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை. அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். தலைமுடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பெட்டியை வாங்கினாள். "மெலிஞ்சிட்டியே" என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை.

வீட்டுக்கு வந்து நான் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைத் திறந்து துணிகளைக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தாள். அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"குச்சி எங்கலே?"

"என்ன குச்சி?"

"திராட்சக் குச்சி. கொண்டா, நட்டுப் பாப்போம்னு எழுதுனேன்லா?"

அந்தக் கடிதம் எனக்கு வந்து சேரவில்லை. அனுமதி இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது என்று சொன்னேன். "அப்ப அனுமதி வாங்குவோம்" என்றாள். "நாளைக்கு வா. ஒண்ணு காட்டுதேன்."

டிசம்பர் 15, புதன். அய்யனார் கோவில் போகும் டவுன் பஸ்ஸில் ஏழு மணிக்கு ஏறினோம். ஆளுக்கு ஒண்ணேகால் ரூபாய். கோவிலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் இறங்கி, மாந்தோப்புகளுக்கு இடையே வண்டிப்பாதையில் நடந்தோம். கோவில் பக்கத்து அருவியின் சத்தம் மெல்லக் கேட்டது. மலை தொடங்குகிற இடத்தில் ஒன்றரை ஏக்கர். அக்கா தன் சேமிப்பில் வாங்கியது. எனக்குச் சொல்லவே இல்லை.

அதில் ஒரு மூலையில், செவல் மண்ணில் வரிசை வரிசையாகக் குழிகள். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். நூல் பிடித்து அளந்ததுபோல் ஒரே இடைவெளி. ஒவ்வொரு குழியிலும் தொழுவுரமும் சருகும் போட்டு ஆறவிட்டிருந்தாள். மொத்தம் அறுபது.

"யாரு வெட்டுனா?"

"நாந்தான். ஷிப்டு முடிச்சிட்டு வந்து ஒரு நாளைக்கு ஒண்ணு. கல்லு வந்தா ரெண்டு நாளு." மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து. மடிப்பில் கிழிந்து, பின்னால் தாள் ஒட்டியிருந்தது. "நீதான எழுதிருக்க. இந்த இடம் நம்ம ஊரு மலையடிவாரம் மாதிரியே இருக்கு, மண்ணும் அதே மண்ணு, இந்தக் கொடி அங்க வச்சாலும் வரும்னு."

எழுதியது நினைவிருந்தது. முந்தின வருடம் நவம்பர். அறுவடை முடிந்து ஆட்கள் எல்லாம் கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி குடும்பமும் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தது. நாற்பது ஏக்கர் கொடிக்கு நடுவே ஒரு தகரக் கூண்டு வீட்டில் நான் மட்டும். நான்கு நாளாக யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மழை வேறு. அந்தச் சாயங்காலம் எழுதிய கடிதம் அது. அந்த இடம் நம் ஊர்போல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அதனால் இருக்கிறது என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் அக்கா அறுபது குழி வெட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. குனிந்து மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தேன். பாறை கரைந்த மண்தான், அங்கே உள்ளதைப் போலவே பருபருவென்று இருந்தது. மண்ணைப் பற்றி நான் பொய் சொல்லவில்லை. அவள் பிளாஸ்கில் கொண்டுவந்த காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எந்த மூலையில் மோட்டார் ரூம் கட்டலாம், அதை ஒட்டி எனக்கு ஒரு அறை எப்படி இறக்கலாம் என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள்.

டிசம்பர் 17, வெள்ளி. அதே குழிக்கரை. முந்தின நாள் முழுவதும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தும் நேரே சொல்லத்தான் முடிந்தது.

"அக்கா, இது வராது."

அவள் வேலிமுள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "எது?"

"பார்பெரா. அதுக்குக் குளிர் வேணும். அங்க மூணு மாசம் ராத்திரில தண்ணி உறையுத குளிரு. எல்லாத்தையும் உதுத்துட்டு கட்ட மாதிரி தூங்கும். அந்தத் தூக்கத்துலதான் அடுத்த வருசக் காய்க்குத் தெம்பு சேரும். இங்க தூங்கவே தூங்காது. பச்சப்பசேல்னு தழைச்சிக்கிட்டே கெடக்கும். பூ வைக்காது."

"கம்பத்துல காய்க்கே."

"அது பன்னீர் திராட்ச. நம்ம சூட்டுக்குப் பழகுனது. வேணும்னா அத வைப்போம்."

"பன்னீருக்கு வருசத்துக்கு ரெண்டு வாட்டி கவாத்து வெட்டணும், மருந்து, காவல். நான் மில்லுக்குப் போறவ. கூட ஒரு ஆளு இருந்தாத்தான அது ஆவும்?" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கொடி வராதுங்கியா, நீ வரமாட்டேங்கியா?"

"கொடி வராதுக்கா."

"மத்தது?"

அங்கே எனக்கு யாரும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் போக ஒரு வரிசை இருந்தது, எந்தக் கொடி எப்போது எதைக் கேட்கும் என்று தெரிந்திருந்தது. இங்கே அக்கா இருந்தாள். மற்ற எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், எனக்கு முப்பத்தெட்டு வயது. இதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. அவள் மறுபடி முள்ளை ஒதுக்கப் போனாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம். கூட்டம் இல்லை.

மறுநாள் காலை அவளே பேசினாள். "எலுமிச்ச வைப்போம். அது யாரையும் கேக்காது."

திராட்சைப் பந்தலுக்கு என்று வாங்கிய கம்பிச் சுருள் இரண்டு வீட்டில் கிடந்தன. ரிக்‌ஷாவில் ஏற்றி, வாங்கிய கடைக்கே கொண்டுபோனோம். கடைக்கார பாய் சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி வந்தாச்சா? பந்தல் போடலியாம்மா?" என்றார்.

"அந்தக் கொடிக்கு நம்ம ஊரு ஒத்துக்கிடாதாம் பாய்," என்றாள் அக்கா.

"அதுக்கென்ன. கம்பி கெட்டா போவுது? அங்கன வைங்க." வேறு எதுவும் கேட்காமல் இரண்டு கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். அக்கா பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்தாள். முந்தின நாளைக்குப் பிறகு அவள் என் கையில் கொடுத்த முதல் பொருள் அது.

தேவதானத்துக்குப் போய் அறுபது எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தோம். கன்று மூன்று ரூபாய், பஸ் மேலே ஏற்ற தனிக்கூலி. நான்கு நாட்கள் நட்டோம். நான் கன்றைப் பிடித்துக்கொள்ள அவள் மண் தள்ளி மிதித்தாள். கொடிக்காக வெட்டிய இடைவெளி எலுமிச்சைக்குக் குறைவு என்று எனக்குத் தெரியும். ஒன்று விட்டு ஒன்று நட்டால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். மீதி முப்பது குழியை அவள் கண்ணெதிரே மூட எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 26, ஞாயிறு. அக்காவுக்கு இரண்டாவது ஷிப்ட், மூன்று மணிக்கு. லீவு போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை, போடு என்று நான் சொல்லவில்லை. பெட்டியோடு மில் வாசல்வரை அவளுடன் நடந்தேன். சங்கு ஊதியது. பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"வாரேன்க்கா."

"சரி. பஸ்ஸுல பெட்டிய மேல போடாத. கூடவே வச்சிக்க."

அவள் கூட்டத்தில் கலந்தாள். உள்ளே போகிறவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, வேலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். மூன்று இருபதுக்கு மதுரை பஸ் கிடைத்தது. இந்த முறை மலை இடது பக்கம் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் மெல்ல விலகிப் போனது.

ஜனவரி முதல் வாரத்தில் மறுபடி சியரா அடிவாரம். காலையில் புல் எல்லாம் வெள்ளை. பார்பெரா ஒரு இலை இல்லாமல் கறுத்த கட்டையாக நின்றது. கவாத்துக்கு மெக்சிகோக்காரர் ரமோன் வந்திருந்தார். என்னைவிட ஆறேழு வருடம் முன்பே அந்தத் தோட்டத்துக்கு வந்தவர். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் வெட்டிக்கொண்டு போனோம்.

"உன் ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"நான் இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறது," என்றேன்.

அவர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "என் ஊரும்தான்," என்றார்.

பிறகு ஆளுக்கொரு வரிசையாகச் சரிவில் கீழே இறங்கினோம்.