சூரியப் புயலன்று சாத்திய கதவு

என் கணவருக்கு மின்சாரம் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத மனிதராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அவர் பொறியியலாளர். கப்பல்துறைப் பக்கம் நிற்கிற பெரிய மின்மாற்றிகளோடுதான் வேலை. சூரியனில் ஏதோ வெடித்து, அந்தப் புயல் மறுநாள் பூமிக்கு வந்து சேரும் என்று செய்தி வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் புட்டைக் குழைத்தபடி எனக்கு ஒரு பாடமே நடத்தினார்.

"சைக்கிள் டைனமோ தெரியும்தானே? காந்தம் சுத்தினா பக்கத்துக் கம்பிச் சுருளில கரண்ட் வரும். பூமியும் ஒரு காந்தம். சூரியப் புயல் வந்து அடிச்சா அந்தக் காந்தப்புலம் ஆடும். அது ஆடினா நிலத்திலயும் நீளமான லைனிலயும் கரண்ட் ஓடும்."

இந்த மின்னோட்டம் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தைப் போல முன்னும் பின்னும் ஓடாதாம். டோர்ச் பற்றரியில் ஓடுவதைப் போல ஒரே பக்கமாக ஓடி, மெதுவாகத்தான் மாறுமாம். நிலத்துக்குள் இறக்கியிருக்கும் கம்பி வழியாக மின்மாற்றிக்குள் ஏறினால் அதன் இரும்பு தாங்காது, இரைந்து சூடேறும் என்றார். காந்த மத்தியகோடு எங்கள் தலைக்கு மேலேதான் போகிறதாம், பகலில் அந்தக் கோட்டுக்கு மேலே வானத்திலும் மின்சாரம் ஓடுமாம், அதனால் இங்கே பகல் நேரத்தில்தான் கூடக் கவனமாக இருக்க வேண்டுமாம். 

எனக்கு அப்போது எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. வயிற்றைத் தடவிக்கொண்டு, "மனுசருக்கு?" என்று கேட்டேன்.

"மனுசருக்கு ஒண்டும் செய்யாது. அதுக்குக் கிலோமீற்றர் கணக்கில நீளம் வேணும். நீர் எத்தினை அடி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாமி, அதாவது அவருடைய அம்மா, என்னைப் பார்த்துக்கொள்ளவென்று நிலாவெளியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கும் செய்தி கிடைத்திருந்தது. யாரோ அனுப்பிய குரல்பதிவு. காலையில் நான் எழும்பும்போது அறை யன்னல்களுக்குப் போர்வை கட்டியிருந்தது. மெயின் சுவிட்சை இறக்கியாயிற்று. குடிதண்ணீருக்கு மேலே தர்ப்பைப்புல். என்னுடைய ஃபோன் அரிசிப் பானைக்குள்.

"கிரகணத்துக்கே பிள்ளைத்தாய்ச்சி வெளியில போகக்கூடாது. இது அதுக்கும் தமக்கை," என்றார் மாமி. "சூரியன் இறங்கும்வரைக்கும் இந்த அறைக்குள்ளயே நேராப் படுத்திரு பிள்ளை. சாப்பிடாத. கத்தி தொடாத. பிறகு பிள்ளை உதடு பிளந்து பிறந்தா என்னைக் கேக்கக்கூடாது."

காற்றாடி இல்லாமல், உப்புவெளியில் எங்கள் வீட்டுப் புழுக்கத்தில் படுத்துக் கிடந்தேன். ஒரு நாள் பசி கிடந்தால் செத்துவிட மாட்டேன், கிழவியின் மனம் ஆறட்டும் என்றுதான் முதலில் பேசாமல் இருந்தேன். பத்து மணிக்குப் பிறகுதான் பயம் பிடித்தது. பிள்ளை துடிக்கவில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன், வயிற்றைத் தட்டினேன், கூப்பிட்டும் பார்த்தேன். துடிப்புக் குறைந்தால் உடனே வரவேண்டும் என்று கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்கள். எழும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். வெளியே கொண்டி போட்டிருந்தது.

"மாமி, பிள்ளை அசையேல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"அதுவும் பயத்தில அடங்கிக் கிடக்குது. நல்லதுதான். இந்த வெயிலுக்க இறங்கினாத்தான் ஆபத்து."

விறாந்தையில் என் கணவரின் குரல் கேட்டது. அவருடைய ஃபோன் அரிசிக்குள் போகவில்லை, அது வேலைக்காம். "நிலத்துக் கம்பியில கரண்ட் எவ்வளவு போகுது? சத்தம் மாறுதோ எண்டு கிட்ட நிண்டு கேளுங்கோ. கூடினா உடனே சொல்லுங்கோ, நான் வாறன்," என்று எவருக்கோ கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கதைத்து முடியும்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை துடிக்கேல்ல. கதவைத் திறவுங்கோ."

கதவுக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா பயப்பிடுறா. ஆறு மணிக்குப் பிறகு நானே கூட்டிக்கொண்டு போறன். ஒரு நாள்தானே, கொஞ்சம் படுத்திரும்."

"மனுசருக்கு ஒண்டும் செய்யாதெண்டு நேற்றுச் சொன்னது ஆர்? அதை அங்க போய்ச் சொல்லுங்கோ."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர், பெற்ற தாயிடம் போகாமல் திரும்பவும் ஃபோனில் மின்மாற்றியின் சத்தத்தை விசாரிக்கப் போனார். அந்த நிமிடம் அவரை எனக்கு வெறுத்துப்போனது. இன்றைக்கும் அந்த வெறுப்புக் குறையவில்லை, குறைத்துச் சொல்லவும் நான் தயாரில்லை.

போர்வையைப் பிய்த்தெறிந்து யன்னலைத் திறந்து கத்தினேன். மானம் மரியாதை ஒன்றும் பார்க்கவில்லை. பக்கத்து வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வேலியால் எட்டிப் பார்த்தாள். "ஒரு ஓட்டோ பிடி தங்கச்சி, பிள்ளை அசையேல்ல!" என்றேன். ஓட்டோ வந்து, அவளும் கேற்றுக்குள் வந்த பிறகுதான், அயல் பார்க்கிறதே என்ற வெட்கத்தில், என் கணவர் கொண்டியை எடுத்தார். மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வெயிலுக்குள் இறங்கினேன். அது எப்போதும் அடிக்கிற வெயில்தான்.

ஆஸ்பத்திரியில் நேரே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தை இறுக்கியிருந்ததாம். "இப்ப வந்தபடியாத் தப்பினது. பின்னேரம் வந்திருந்தா நாங்கள் ஒண்டும் செய்திருக்க ஏலாது," என்று டொக்டர் அம்மா சொன்னார். மகள் அழுத சத்தம் பூனைக்குட்டி கத்துவதைப் போலச் சின்னதாக இருந்தது. அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த துடக்குக் கழிவுக்குச் சொந்தக்காரர் வீடு நிறைய வந்திருந்தார்கள். மாமி கதிரையில் இருந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதை: "சொல்லச் சொல்லக் கேளாமல் அண்டைக்கு வெளிக்கிட்டவ. அதாலதான் பிள்ளை மாதம் நிறையாமல், எலிக்குஞ்சு மாதிரிப் பிறந்தது." என் பெரியப்பா என் கணவரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நீங்கள் கரண்ட் படிச்சனீங்கள். அந்தப் புயல் வயித்துப் பிள்ளையையும் தாக்குமோ?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெரிய லைனுகளைத்தான் கூடத் தாக்கும் மாமா. மற்றது, பெரியாக்கள் சொன்னா அதிலயும் ஏதோ இருக்கும்தானே."

பிள்ளையை என் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு எழும்பினேன்.

"அண்டைக்கு மின்மாற்றி இரையுதோ எண்டு எத்தினை தரம் ஃபோன் எடுத்துக் கேட்டனீங்கள்? கதவுக்கு இஞ்சால பிள்ளை துடிக்கேல்ல எண்டு நான் கத்தினது உங்கட காதில ஏறேல்ல. மனுசருக்கு ஒண்டும் செய்யாதெண்டு தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனீங்கள். அதை உங்கட அம்மாட்டச் சொல்லிப்போட்டு இந்த வீட்டுக்கு வாங்கோ. அதுவரைக்கும் ரெண்டு பேரும் நிலாவெளியில இருங்கோ."

எங்கள் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குத்தான், அதனால் ஒருவராலும் மறுத்துக் கதைக்க முடியவில்லை. பின்னேரமே தாயும் மகனும் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகளைப் பார்க்க வருவார். நான் தடுப்பதில்லை. போன கிழமை அவளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மின்னோட்டம் நிலத்திலிருந்து மின்மாற்றிக்குள் ஏறாமல் தடுக்க வெளிநாடுகளில் ஒரு கருவி பூட்டுகிறார்கள் என்று விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். முழுவதையும் கேட்டுவிட்டு, "மாமியிட்டச் சொல்லிட்டீங்களோ?" என்றேன்.

குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டார். "அம்மாக்குப் பிரஷர், தெரியும்தானே. சமயம் பாத்துச் சொல்லுறன்."

பிள்ளையை அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு, கேற்றைக் காட்டினேன்.