பஸ்ஸில் இறக்கிய கொன்ரெய்னர்

முப்பத்தாறு வயதில் நான் பைதன் என்கிற கணினி மொழி படிக்கப் போனேன். பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, துணுக்காயிலிருந்து கிளிநொச்சிக்கு வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறுவேன். வகுப்பில் ஐந்து பேர், எல்லாரும் பெண்கள். ஒவ்வொருத்தியிடமும் யாரோ பாவித்துக் கைவிட்ட லப்டொப் ஒன்று இருந்தது. ஐந்தும் ஐந்து விதம்.

கடைசி வேலையாக ஐவரும் சேர்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினோம். குளத்தின் நீர்மட்டத்தைக் கொடுத்தால், வயலுக்கு இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணீர் போதுமானதாகக் காணும் என்று அது சொல்லும். என்னுடைய லப்டொப்பில் சொன்னது. மற்ற நாலிலும் வாய் திறக்கவில்லை. ஒன்றில் பைதன் பழசு. இன்னொன்றில் ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லை. மற்ற இரண்டிலும் ஏன் என்றே தெரியவில்லை. "என்ர மெசினில வேலை செய்யுதே" என்று நான் நாலாவது தரமும் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவள் கடுப்பாகிவிட்டாள்.

"அப்ப உம்மட மெசினையே எல்லாருக்கும் குடும்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, அப்படிக் கொடுக்கவும் ஒரு வழி இருப்பது தெரிந்தது. அதற்குப் பெயர் கொன்ரெய்னர். பைதன், துணைக்கோப்புகள், எங்கள் நிரல் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடலாம். எந்த லப்டொப்பில் திறந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வகுப்பில் ஐந்து மெசினிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் பெட்டியின் அடித்தளத்தை முதலில் இன்டர்நெற்றிலிருந்து இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான் வரும், அதுவும் கதைக்க மட்டும்.

புதன்கிழமை வவுனியாவில் என் மூக்குக்கண்ணாடி மாற்றுகிற அலுவல் ஒன்று இருந்தது. பழைய கண்ணாடியில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். ஏ9 வீதியில் சிக்னல் நல்லாக வரும் என்பதால் லப்டொப்பையும் கொண்டுபோனேன். மாங்குளத்தில் வவுனியா பஸ் ஏறி, மடியில் வைத்துத் திறந்து, ஃபோனில் இருந்து இணைப்பு எடுத்து இறக்கத் தொடங்கினேன். திரையில் பதினொரு கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வளரத் தொடங்கின.

பக்கத்து சீற்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா இருந்தா. தையல் வேலை செய்கிறவாவாம். தைத்த சட்டைகளோடு கனகராயன்குளத்தில் இருக்கும் மகளிடம் போகிறா.

"பிள்ளை, இதென்ன கோடு கோடாய் ஓடுது?"

சொன்னேன். அவா கொஞ்சம் யோசித்தா.

"அப்ப கறியை மட்டும் குடுத்துவிடாமல், சட்டி, அடுப்பு, உப்புப் போத்தல் எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்துவிடுறீர்."

"ஓம் அக்கா, அதேதான்."

"மற்றதெல்லாம் முடிஞ்சுது. அந்த மூண்டாவது ஏன் நிக்குது?"

"அதுதான் பெரிசு."

அதற்குப் பிறகு அவா யன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது கோடு நகர்ந்தால் என் முழங்கையைத் தட்டினா, நின்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டா. பின் சீற்றில் இருந்தவர் எழும்பி எட்டிப் பார்த்து எத்தனை வீதம் என்று கேட்டார். "எண்பத்தாறு" என்று எனக்கு முன்னால் அவாவே பதில் சொன்னா. தொண்ணூற்றெட்டில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு சட்டென்று முடிந்தது. அவா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"புளியங்குளம் இறங்கிறாக்கள் வாங்கோ" என்றார் கொண்டக்டர்.

"புளியங்குளமோ?" என்றா அவா. "நான் கனகராயன்குளத்தில எல்லோ இறங்கியிருக்க வேணும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவா சிரித்தா. பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. அவாவைத் தனியாக விட மனமில்லாமல் நானும் இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் அடுத்த பஸ் வரும்வரை வீதியோரத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தோம்.

கனகராயன்குளத்தில் மகள் வீட்டு வாசல் படலையில் காத்திருந்தா.

"எங்கையம்மா போனனீங்கள்? எத்தினை தரம் ஃபோன் அடிச்சனான்."

"கொன்ரெய்னர் இறக்கினனாங்கள்" என்றா அவா.

மகள் வீதியில் லொறி ஏதும் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தா.

என்னையும் உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார்கள். சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துப் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். பாதியில் சிவப்பு எழுத்தில் நின்றது. கோப்பு இல்லையாம். கோப்பு கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. இரண்டாம் தரம் கட்டினேன். மூன்றாம் தரமும் அதே சிவப்பு.

அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து கோப்பின் பெயரையும் நான் எழுதியதையும் மாறி மாறிப் பார்த்தா. "எனக்கு இங்கிலீஸ் தெரியாது பிள்ளை. ஆனா இதில கடைசியில ஒரு வளைஞ்ச எழுத்து இருக்கு. அதில இல்லை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உண்மைதான். கோப்பின் பெயர் முடிவில் ஒரு 's' இருந்தது, நான் எழுதியதில் அதை விட்டிருந்தேன். போட்டேன். பெட்டி கட்டி முடிந்தது. நிரலை ஓட்டினேன்.

"வணக்கம். தண்ணீர் இன்னும் நாற்பத்தொரு நாளைக்குக் காணும்."

அவா அதை உரத்து வாசித்தா. மகளும் வந்து வாசித்தா. கண்ணாடிக்கடைக்குப் போக நேரம் போய்விட்டது. எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டியை ஒரு பென் டிரைவில் கொண்டுபோனேன். முதல் நாலு லப்டொப்பிலும் உடனே வணக்கம் சொன்னது. ஐந்தாவது எல்லாவற்றிலும் கிழடு, விசிறி இரைய இரையப் பதினைந்து நிமிடம் எடுத்தது. அதிலும் அதே வணக்கம், அதே நாற்பத்தொரு நாள். எங்களைவிட வயது குறைந்த எங்கள் ஆசிரியர் கை தட்டினார். அன்றைக்கு "உம்மட மெசினையே குடும்" என்றவள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"சும்மா இன்னொருக்கா ஓட விடும்" என்றாள்.

ஓட விட்டோம். பிறகு ஐந்தையும் ஒரே நேரத்தில் ஓட விட்டோம். நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை அதையே செய்துகொண்டிருந்தோம்.