தாழ்ப்பாளைத் திறக்க வைத்தவர்

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், ஒருத்தியை யானைக்கு முன்னால் விட்டுவிட்டு ஓடியவள் நான். சபையாரே, வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

தளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஓசூர் கம்பெனியில் முதல் ஷிஃப்டுக்கு, விடியற்காலையில் ராகிக் காட்டு வழியாக நடந்துபோய் ரோட்டில் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். கூட வருபவள் எங்கள் தெரு நாகரத்னா. கம்பெனியிலும் என் லைன்தான். லைன் லீடர் பதவி எனக்கா அவளுக்கா என்று பேச்சு அடிபட்டதிலிருந்து நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பதவிக்காக உபவாசம்கூட இருந்தேன்.

அன்று கடும் பனிமூட்டம். ராகித் தட்டு முறியும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், எதிரே ஒற்றை யானை. ஓடினேன். பின்னால் நாகரத்னா விழுந்தது தெரிந்தது. திரும்பவில்லை. பக்கத்துக் கிணற்று மோட்டார் ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

"ஆண்டவரே, என்னைக் காப்பாத்துங்கப்பா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

வெளியே அவள் குரல். "அக்கா, எழ முடியல... பிட்டு ஹோகபேடி அக்கா!"

பயந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். விட்டுவிட்டுப் போகாதே என்று கெஞ்சுகிறாள்.

அவளுக்கும் ஒரு குழந்தை உண்டு. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. எனக்காக உபவாசம் இருந்த நான், அவளுக்காக ஒரு வார்த்தை ஜெபித்ததில்லை. மண்டியிட்டேன். "அவளை விட்றாதீங்க ஆண்டவரே. என்னால போக முடியாது. நீங்களே என்னைக் கூட்டிட்டுப் போங்க."

பயம் போகவில்லை. இரண்டு முறை நழுவிய தாழ்ப்பாளை மூன்றாம் முறை திறந்தேன். தவழ்ந்து போய், வரப்போரம் கிடந்தவளைப் பிடித்து இழுத்தேன். யானை காதை விரித்து எங்கள் பக்கம் ஓரடி வைத்தது. அதன் மூச்சு கேட்டது. "ஏசப்பா, ஏசப்பா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. யானை நின்றது. எங்களையே பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, மலைப்பக்கம் நடந்து போய்விட்டது.

மோட்டார் ரூமுக்குள் வந்ததும் அழுதேன். "நாகு, உன்னை விட்டுட்டு நான் கதவைச் சாத்திக்கிட்டேன்டி."

"தெரியும்க்கா. தாழ்ப்பா போட்ட சத்தம் கேட்டுது." அவள் என் கையை விடவில்லை. "திரும்ப வந்தீங்கல்ல."

அவளுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. குணமாகும்வரை தினமும் சோறு கொண்டுபோனேன். இப்போது அவள்தான் என் லைன் லீடர். அவளுக்கே கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னதும் நான்தான். முதல் வாரம் கொஞ்சம் வலித்தது, மறைக்கவில்லை. இன்று அதற்காகவே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அந்தப் பாதையில் இன்றும் நடுக்கத்தோடுதான் நடக்கிறேன். அன்பானவர்களே, பயம் தெளிந்த பிறகு உதவலாம் என்று காத்திருக்காதீர்கள். உதவிக்கு உங்களைக் கூப்பிடுகிறவருக்காக, அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். நடுங்கிக்கொண்டே போங்கள். கர்த்தர் அங்கே உங்களுக்கு முன்பே போயிருப்பார்.